கடல் செட்டோடு அரியலூருக்கு

நான் கடற்கரையை விட்டு மேற்கே தள்ளிப் போனது மொத்தம் மூன்று முறைதான். இரண்டு முறை சமயபுரம். மூன்றாவது, இரண்டாயிரத்து ஆறாம் வருடம் மே மாதக் கடைசியில் ஒரு பையில் படகுச் செட்டையும் இன்னொரு பையில் கருவாட்டையும் எடுத்துக்கொண்டு அரியலூர் போனது. சமயபுரத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அரியலூர் போனதை எழுதுகிறேன்.

செட்டு என்று நாங்கள் சொல்வது, கடலில் படகுக்குப் படகு பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோவை. சின்ன டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். சுருள் ஒயரில் ஒரு மைக் தொங்கும். அதன் பட்டனை அழுத்தினால் நாம் பேசலாம், விட்டால் மற்றவர் பேசுவது கேட்கும். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். நான் ஓட்டிய விசைப்படகின் பெயர் முத்துமாரி. டவுனில் இருக்கும் முதலாளியின் படகு அது. நான் டிரைவர், என்னோடு நான்கு பேர். செட்டில் பேசுகிற வேலை எல்லாம் அவர்களில் ஒருவனான முருகையனுடையது. அவன் பேச்சுக்காரன். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் முருகையன் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

தடை முடிய நான்கு நாள் இருக்கும்போது, வீட்டில் வைத்திருந்த செட்டைப் படகில் பொருத்திப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை. வலது பக்கப் படகிலும் இடது பக்கப் படகிலும் செட்டில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் செட்டு ஊமையாக இருந்தது. பட்டனை அழுத்தி இரண்டு முறை "ஹலோ" என்றேன். பதில் இல்லை. ஃபியூஸ் மாற்றினேன். பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். ஏரியல் ஒயர் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது, அதையும் தேய்த்து எடுத்தேன். அப்படியும் பேசவில்லை.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடல் திறக்கிற அன்று விடியற்காலையில் தலைவர் செட்டிலேயே ஒவ்வொரு படகாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் சொல்கிற படகுதான் போகலாம். சொல்லாத படகு கரையில் நிற்க வேண்டும். முதல் நாள் படகு நின்றால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி முன்பே சொல்லியிருந்தார். அதனால் செட்டு கெட்டுப்போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே தெரிவதற்குள் சரி செய்துவிடலாம் என்று இருந்தேன். நாகப்பட்டினத்துக் கடையில் கேட்டதற்கு, சென்னைக்கு அனுப்பினால் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர்தான் அரியலூர் நடராஜனைப் பற்றிச் சொன்னார். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் பதினோரு வருடம் கப்பல் ரேடியோக்களைப் பழுது பார்த்தவராம். இப்போது அரியலூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறாராம்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். கண்டக்டர் செட்டுப் பையைத் தூக்கிப் பார்த்து, கார் டேப்பா என்று கேட்டார். தலையாட்டினேன். விளக்கிச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. கருவாட்டுப் பையைப் பற்றி அவர் கேட்கவில்லை, பஸ்ஸே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு முன் சீட்டில் இருந்தவர் இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்தார்.

அரியலூர் நெருங்க நெருங்க எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சாலையோரப் புளியமரங்களின் இலைகூடப் பச்சையாக இல்லை, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. ரயில்வே கேட்டில் சிமெண்டு லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. எங்கள் பஸ்ஸும் முக்கால் மணி நேரம் நின்றது. எங்கள் ஊரிலும் மே மாத வெயில் கடுமைதான். ஆனால் பகல் பதினொரு மணிக்குக் கடல் காற்று ஏறிவிடும். இங்கே மணி பன்னிரண்டாகியும் ஓர் இலை அசையவில்லை. எந்தத் திசையில் முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

நடராஜன் கடை பூட்டியிருந்தது. எதிர் டீக்கடைக்காரர் நான் கேட்காமலே சொன்னார்: அவர் செட்டிகுளத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறார், பேத்திக்கு முருகன் கோயிலில் மொட்டை, திரும்பி வர இரண்டு நாள் ஆகும். எனக்கு இரண்டு நாள் கிடையாது. நாளைக்குச் செட்டிகுளம் போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். பரிமாறியவர் மீன் குழம்பை ஊற்றி, ஒரு வஞ்சிரத் துண்டையும் வைத்து, "நாகப்பட்டினத்து மீனுங்க, காலையில வந்தது" என்றார். நாகப்பட்டினத்து விசைப்படகுகள் எல்லாம் நாற்பது நாளாகக் கரையில் கிடப்பதை நான் அன்று காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். துண்டைப் பிட்டதும் அது ஐஸில் எத்தனை நாள் இருந்தது என்று தெரிந்துவிட்டது. "நல்லாருக்குங்களா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். குழம்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது. சின்ன வெங்காயத்தை அவ்வளவு தாராளமாகப் போட்டு எங்கள் ஊரில் யாரும் குழம்பு வைக்க மாட்டார்கள்.

அன்று ஒரு லாட்ஜில் தங்கிவிட்டு, இரண்டாம் நாள் காலையில் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. டிரைவரும் கண்டக்டரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க, நாங்கள் இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். பக்கத்தில் உழுது போட்ட பருத்திக் கொல்லை. மண் கட்டிகளுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. எடுத்துப் பார்த்தால் சிப்பி. கல்லாக இருந்தது, ஆனால் சிப்பியேதான். மேல் ஓட்டின் வரி வரியான கோடுகூட அழியவில்லை. காலால் கிளறினேன், இன்னும் நாலைந்து கிடந்தன. கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்து சிப்பியைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

வெங்காய மூட்டையோடு நின்ற ஒரு அம்மா, "அது மழை பேஞ்சா மேல வரும். ஏர் ஓட்டையில காலக் குத்தும். அதப் போயி கையில எடுக்குறீங்க" என்றார். பிறகு என் பையைக் காட்டி, அதில் என்ன என்று கேட்டார். இந்த முறை உண்மையைச் சொன்னேன், கடலில் படகுக்காரர்கள் பேசிக்கொள்கிற ரேடியோ என்று.

"என்ன பேசிக்குவீங்க?"

மீன் எங்கே கிடைக்கிறது, காற்று எப்படி, யார் எங்கே இருக்கிறார்கள், அதெல்லாம் பேசுவோம் என்றேன்.

"சண்ட வந்தா?"

"அதுலயேதாங்க திட்டிக்குவாங்க."

"அப்ப எங்கூட்டு மாமியாருக்கு ஒண்ணு வேணும். ரெண்டு கொல்லை தள்ளியிருந்து கத்துது, தொண்ட போயிடுச்சு" என்றார். மரத்தடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்ததால் நான் மறுபடி சிப்பி பொறுக்கக் குனிந்துகொண்டேன்.

செட்டிகுளம் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. குன்றின் மேல் கோயில், கீழே தெரு முழுக்க வெங்காயம் சேர்த்து வைக்கிற பட்டறைகள். நடராஜனின் மாமனார் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. கோயிலில் முடி இறக்கி வந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. நடராஜனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். இலைக்கு உப்பு வைத்துக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். செட்டை வெளியே எடுத்துக் காட்டினேன். உப்புக் கிண்ணத்தை அப்படியே பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுச் செட்டை வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத இந்த ஊர்ல பாப்பேன்னு நெனைக்கல. மொதல்ல உக்காந்து சாப்புடுங்க" என்றார்.

அவருக்கென்று கொண்டு வந்த கருவாட்டுப் பையை நீட்டினேன். அங்கேதான் தப்பு செய்துவிட்டேன். முருகனுக்கு விரதமிருந்து மொட்டை போட்ட வீட்டில், பந்திக்கு நடுவில், மூன்று கிலோ கருவாடு. அவர் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். மாமனார் எழுந்து வந்து, "யாருப்பா அது, பழனியாண்டவனுக்குப் படைக்கவா?" என்றார். நான் அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். நடராஜன் சிரித்துக்கொண்டே பையை வாங்கித் தெருவைத் தாண்டிப் போய் ஒரு கருவேல மரத்தில் தொங்கவிட்டு வந்தார். மறுநாள் புறப்படும் வரை அது அங்கேதான் தொங்கியது. நாய்கள் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

கத்தரிக்காய் சாம்பார், பூசணிக்காய்ப் பொரியல், பாயசம். நான் மீன் இல்லாமல் சாப்பிடுவது அபூர்வம். பந்தி முடிந்ததும், விஷயம் அவசரம் என்பதை எப்படியோ சொன்னேன். நடராஜன் மனைவியிடம் என்ன சொன்னாரோ தெரியாது, மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸுக்கு என்னோடு புறப்பட்டார்.

அரியலூரில் அவர் கடை ஓர் ஆள் படுக்கிற அகலம்தான். சுவர் முழுக்க டிவி. ஒரு பலகையில் சுண்ணாம்புக்கல் குவாரிக்காரர்களின் வாக்கி டாக்கிகள் வரிசையாக இருந்தன. அவைதான் தனக்குச் சோறு போடுகின்றன என்றார். செட்டைத் தன் பவர் சப்ளையில் இணைத்தார். பின்பக்கம் ஏரியல் மாட்டுகிற இடத்தில் கட்டைவிரல் அளவு ஒரு உருளையைத் திருகினார். அது ஏரியலுக்குப் பதில் வைப்பது, சக்தியை வெளியே விடாமல் தானே வாங்கிக்கொள்ளும் என்று விளக்கினார்.

"ஏரியல் இல்லாம பட்டன அழுத்தவே கூடாது. உள்ள வெந்துடும். ஊர்ல அழுத்துனீங்களா?"

ஏரியல் மாட்டித்தான் அழுத்தினேன் என்றேன். நல்லது என்றார்.

பிறகு அவர் செய்ததை நான் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கரண்டு போகிறதா, பட்டனை அழுத்தும்போது வோல்ட் இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கவில்லை. மைக் ஒயரை நீளவாக்கில் வளைத்து வளைத்துப் பார்த்தார், எங்கும் அறுந்திருக்கவில்லை. இரைச்சலைக் குறைக்கிற குமிழ் ஒன்று உண்டு, அதை அதிகமாகத் திருகினால் இரைச்சலோடு பேச்சும் அடங்கிவிடும். அதை இடது கோடிக்குத் திருகினார். எண்ணெயில் வடகம் பொரிகிற மாதிரி சத்தம் வந்தது. காது இருக்கிறது என்றார். பட்டனை அழுத்தி மீட்டரைப் பார்த்தார். இருபத்தைந்து வாட் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்துநாலு இருந்தது. வாயும் இருக்கிறது என்றார். கடைசியில் மேஜை டிராயரிலிருந்து ஒரு கைச் செட்டை எடுத்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியதாம். அதை என் செட்டின் சேனல் நம்பருக்கு வைத்து, என்னை மைக்கில் பேசச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். நான் இருமினேன். அந்த இருமல் அவர் கையில் தெளிவாகக் கேட்டது.

"செட்டுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் செட்டு கெட்டிருந்தால் சரி செய்யலாம். நன்றாக இருக்கிற செட்டை என்ன செய்வது?

அவர் செட்டை மறுபடி கையில் எடுத்து, நம்பர் மாற்றுகிற குமிழைப் பார்த்தார். அதன் மேல் கறுப்பு டேப் நாலு சுற்றுச் சுற்றி ஒட்டியிருந்தது.

"இது எதுக்கு?"

யாராவது கை தவறித் திருப்பிவிடாமல் இருக்க, எங்கள் ஊரில் எல்லாப் படகிலும் அப்படித்தான் ஒட்டியிருக்கும் என்றேன். எட்டாம் நம்பரில் வைத்து ஒட்டிவிட்டால் பிறகு யாரும் தொட மாட்டோம். அதைத் திருப்பினால் என்ன ஆகும் என்றுகூட எனக்குத் தெரியாது.

"உங்க டேப்பு பழசா இருக்கு, தூசி ஏறி வெளுத்துப்போயி. பக்கத்துப் போட்டுல எப்படி இருந்துச்சு, பாத்தீங்களா?"

யோசித்தேன். வலது பக்கப் படகில் செட்டை எட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. குமிழில் சிவப்பு டேப் பளபளவென்று இருந்தது. தடைக்காலத்தில் பெயிண்ட் அடித்தபோது மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன் என்றேன்.

நடராஜன் செட்டைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அவங்க இப்ப எந்த நம்பர்ல பேசுறாங்கன்னு யாரையாச்சும் கேட்டீங்களா?"

ஒரே நம்பரில் இருந்தால்தான் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் நம்பர் மாறும் என்று நான் நினைத்ததே இல்லை. யாரையும் கேட்கவில்லை என்றேன். எத்தனை பேர் பக்கத்தில் இருந்தார்கள் என்றார். இரண்டு பக்கமும் இருந்தார்கள் என்றேன். அவர் போனை என் பக்கம் தள்ளினார்.

எங்கள் தலைவர் தங்கராசு அண்ணன் வீட்டில் போன் உண்டு. அந்த நம்பர் எனக்கு மனப்பாடம், ஆனால் அதுவரை ஒரு முறைகூடப் பேசியதில்லை. நடராஜனே போட்டு, "உங்க ஊரு முத்துமாரி டிரைவர் பேசுறாருங்க" என்று சொல்லிக் கொடுத்தார்.

நம்பர் மாறியிருக்கிறதா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"மாத்திப் பன்னெண்டு நாளாவுது. வெளியூர்க்காரன் நம்ம பேச்சக் கேட்டுக்கிட்டு நம்ம மீனுக்கே முன்னால போயி நிக்கிறான்னுதான மாத்துனது. மண்டபத்துல வச்சுச் சொன்னமே, நீ எங்க இருந்த?"

ஊர்க் கூட்டம் நடந்த அன்று மண்டபத்துக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பு விடுகிற இடத்தில்தான் உட்கார்ந்தேன். உள்ளே இரண்டு பேருக்கு வாய்ச்சண்டை வந்ததும் எழுந்து வந்துவிட்டேன். அதைச் சொன்னேன்.

"அப்ப எந்த நம்பர்ணே?" என்று கேட்டேன்.

"இப்ப எங்கேருந்து பேசுற?"

"அரியலூருண்ணே."

"அரியலூர்ல ஒனக்கு என்னய்யா வேல? சரி, போன்ல சொல்ல மாட்டேன். பக்கத்துல ஆளு இருக்குல்ல."

கடலுக்கும் அரியலூருக்கும் உள்ள தூரத்தை நான் நினைத்துப் பார்த்தேன். நடராஜன் மீன் பிடிக்கப் போகிறவர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டார். "கலியபெருமாளு, நான் ஒண்ணு சொல்றேன். அந்தப் போட்டுலேருந்து இத்தன வருசத்துல ஓங் குரல நான் கேட்டதே இல்ல. பேசுனதெல்லாம் முருகையன். ஒன் செட்டு பேசுமான்னு இங்க யாருக்கும் சந்தேகம் இல்ல. நீ பேசுவியான்னுதான் சந்தேகம். நாளான்னிக்குக் காலையில டிரைவர்தான் பதில் சொல்லணும், வேற ஆள வச்சுச் சொன்னா எடுத்துக்க மாட்டேன். வந்து எல்லாரும் இருக்கையில நம்பரக் கேளு, சொல்றேன்."

போனை வைத்துவிட்டேன். சுவரில் இருந்த அத்தனை டிவியிலும் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. நடராஜனுக்குக் கேட்டிருக்க வேண்டும், போன் அவ்வளவு சத்தம். அவர் ஒரு பிளேடை எடுத்து, குமிழைச் சுற்றியிருந்த பழைய டேப்பைக் கவனமாக அறுத்து எடுத்தார். பிசினை ஸ்பிரிட்டால் துடைத்தார். செட்டின் சக்தியை ஒரு வாட்டுக்குக் குறைத்து வைத்தார், இந்த உருளையோடு பேசினால் இந்தத் தெருவை விட்டு வெளியே போகாது என்றார். பிறகு கைச் செட்டை எடுத்துக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போய்விட்டார். நான் மட்டும் மைக்கோடு உட்கார்ந்திருந்தேன்.

செட்டில் அவர் குரல் வந்தது. "சொல்லுங்க."

பட்டனை அழுத்தினேன், விட்டேன். மறுபடி அழுத்தினேன், விட்டேன். டீக்கடையில் நாலைந்து பேர் அந்தப் பெட்டியைச் சுற்றி நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் செட்டில் வேறு குரல் வந்தது. டீக்கடைக்காரர்.

"டீ ஒண்ணா ரெண்டா சார்? பால் கொதிக்குது."

"ரெண்டு" என்றேன்.

"சக்கர?"

"கம்மியா."

தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. நடராஜன் விடவில்லை. படகின் பெயர், எத்தனை பேர், டீசல் எவ்வளவு என்று மாற்றி மாற்றிக் கேட்டார். பட்டனை அழுத்தியதும் உடனே பேசாதீர்கள், ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள், இல்லையென்றால் முதல் எழுத்து விழுங்கப்பட்டுவிடும் என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் என் பதிலை ஒருவர் டீக்கடையிலிருந்தே கேலி செய்தார். நானும் பட்டனை அழுத்தி அவருக்கு ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

மத்தியானப் பஸ்ஸில் புறப்பட்டேன். நடராஜன் ஸ்டாண்டு வரை வந்தார். கருவாடு எப்படி இருக்கும் என்று இன்றைக்கு ராத்திரி தெரியும், வீட்டு அம்மாவுக்குச் செட்டிகுளத்தில் இன்னும் ஒரு நாள் வேலை இருக்கிறது என்றார். அந்த முறை ரயில்வே கேட் திறந்திருந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் மண்டபத்துக்குப் போனேன். எல்லாப் படகு டிரைவர்களும் இருந்தார்கள். உள்ளே போய் நடுவில் நின்று, முத்துமாரிக்கு நம்பர் தெரியாது, சொல்லுங்கள் என்றேன். யாரோ சிரித்தார்கள். பக்கத்துப் படகுக்காரர், "அன்னிக்கு என் செட்ட எட்டிப் பாத்துட்டு, கேக்காம போனியே மச்சான்" என்றார். தங்கராசு அண்ணன் நம்பரைச் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது, இப்போதும் சில பேர் அதில் பேசுகிறார்கள்.

மறுநாள் விடியற்காலை முத்துமாரியில், முருகையனுக்குப் பதில் சேர்ந்த பையனோடு, நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. செட்டில் அண்ணன் ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். எங்கள் முறை வந்தது.

"முத்துமாரி."

பட்டனை அழுத்தினேன். ஒரு மூச்சு விட்டேன். "முத்துமாரி. அஞ்சு பேர்" என்றேன்.

செட்டில் இரைச்சல் மட்டும் இருந்தது. என் ஆட்கள் என்னையே பார்த்தார்கள்.

"யாருய்யா பேசுறது?" என்றது அண்ணன் குரல். "முருகையன் வந்துட்டானா?"

"இல்லண்ணே. கலியபெருமாள்."

மறுபடி இரைச்சல்.

"கேக்குது" என்றார். அடுத்த படகைக் கூப்பிட்டார்.